எட்டு பெரிசா, பன்னிரண்டு பெரிசா

பேரம் நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போகிறவனை நீங்க என்ன சொல்வீங்க தம்பி? நான் அயோக்கியன் என்றுதான் சொல்வேன். அவன் அப்படித்தான் போனான். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், வாயில் பாதி வார்த்தை நிற்கிறது, இவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். யாருக்காகத் தொண்டை வறளப் பேசி ஒரு பொருளை வாங்கி வந்தேனோ அவனே போய்விட்டான். இதை அயோக்கியத்தனம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

உட்காருங்க, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இதில் உட்காருங்க. உடுமலையிலிருந்து பஸ்ஸிலா வந்தீங்க? முதலில் தண்ணி குடிங்க. நீங்க வாங்க வந்த கம்ப்யூட்டர் கார்டு எங்கேயும் ஓடிப் போகாது. அதான் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேனே, நேரில் வந்து இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வியாபாரம் என்று. போனிலேயே 'லாஸ்ட் பிரைஸ் என்னங்க அங்கிள்' என்று கேட்கிறவனுக்கு நான் பதிலே போடுவதில்லை. முகத்தைப் பார்க்காமல் என்ன பேரம்?

பேர் ஆசிக் என்றுதானே சொன்னீங்க? நான் மருதாசலம். திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் மருதாசலம் என்று கேட்டால் பனியன் மூட்டை தூக்குகிறவர்கூட கடையைக் காட்டுவார். செகண்ட்ஸ் என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தையல் கோணிப்போன பனியன், சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்த டீசர்ட், அளவு தப்பினது, வெள்ளைக்காரன் வேண்டாம் என்று தள்ளினது, இதையெல்லாம் மூட்டையாக எடுத்து மூட்டையாக விற்கிறவன் நான். அந்த மூட்டைகளை முதுகில் சுமந்துதான் இந்த ஊருக்கே பழகினேன். பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை, நானும் அதைப் பார்த்ததில்லை. அடி வாங்கினேன், ஏமாந்தேன், ஏமாந்த இடத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இன்றைக்கு என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வர வேண்டும்.

துணியைப் பற்றி ஒன்று சொல்கிறேன், காசு கேட்க மாட்டேன். புதிதாக வியாபாரத்துக்கு வருகிற பொடியன்கள் எல்லாம் கடைக்குள் காலை வைத்ததும் 'எத்தனை ஜிஎஸ்எம்?' என்பான்கள். துணியின் கனத்துக்கு ஒரு நம்பர். நூற்று எண்பது என்று சொன்னால் முகம் மலரும். நூற்று நாற்பது என்றால் சுருங்கும். அந்த நம்பரை ஏற்ற ஒருத்தன் துணியில் என்னென்ன தடவுவான் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு துவைப்பில் சல்லடையாகிவிடும். நான் அவன்களிடம் சொல்வேன், "தம்பி, நம்பரைக் கேட்காதே. கையில் பிடிச்சுப் பாரு. இழுத்துப் பாரு. வெளிச்சத்துக்குக் காட்டிப் பாரு. நம்பரைக் கேட்டு வாங்குகிறவன் ஏமாறுவதற்கென்றே வந்தவன்" என்று. கேட்க மாட்டான்கள். அனுபவம் வேண்டுமே.

சரி, கார்டுக்கு வருகிறேன்.

என் பையன். ஒரே பையன். மகள் ஒருத்தி இருக்கிறாள், நாமக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்குக் குழந்தை பிறந்தது என்று இவள் போனாள், என் வீட்டுக்காரி தெய்வானை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அங்கேயே இருக்கிறாள். இருக்கட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. ஹோட்டல் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது.

அவன் பேரைச் சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் என் வாயால் அந்தப் பேரைச் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் படம் செய்கிற படிப்பு படித்தான். மனுஷனை நிற்க வைத்து எடுக்கிற படம் இல்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்து, நடக்க வைப்பது, பறக்க வைப்பது. இந்த அறைதான் அவனுடையது. இதே மேசை, இதே மெஷின். ராப்பகலாக உட்கார்ந்து என்ன செய்தான் தெரியுமா? ஒரு பனியன். கொடியில் ஒரு பனியன் தொங்கும், காத்தடித்தால் ஆடும். அவ்வளவுதான். நான் கேட்டேன், "ஏன் சாமி, மொட்டை மாடிக்குப் போனால் கொடி நிறைய ஆடுதே, அதைப் பார்க்கக் கரண்டுக் காசு வேண்டாமே" என்று. சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் ஒரு நாள் வந்து, "அப்பா, ஒரு கிராபிக்ஸ் கார்டு வேணுங்கப்பா, இருக்கிறதுல பனியன் நகர மாட்டேங்குது" என்றான். மெஷினுக்குள் மாட்டினால் படத்தை வேகமாக ஓட்டுகிற சாமானாம். எந்தக் கார்டு என்று மாடல் பேரெல்லாம் சொன்னான். எட்டு ஜிபி. ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறேன் என்றான். ஆன்லைனா! போட்ட விலையை அப்படியே கொடுத்து வாங்குகிறவன் எனக்குப் பிறந்தவனா? "நீ சும்மா இரு, நான் சென்னைக்குப் போறேன், அப்படியே வாங்கிட்டு வர்றேன்" என்றேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் இருக்கும்.

ரிச்சி தெரு பார்த்திருக்கீங்களா? நம்ம காதர்பேட்டைதான், துணிக்குப் பதில் ஒயரு. எனக்கு அங்கே காலை வைத்ததும் ரத்தம் சூடாகிவிட்டது. ஒரு கடைக்காரன் நான் சொன்ன எட்டு ஜிபியை எடுத்து வைத்தான். "சார், நியூ மாடல். ரேட் பிக்ஸட் சார்" என்றான். "பிக்ஸட் என்றால், ஆணி அடிச்சு மாட்டியிருக்கீங்களா?" என்றேன். சிரித்தான். ஆனால் இறங்கவில்லை. நான் எழுந்தேன். நடந்தேன். நாலு கடை தாண்டித் திரும்பிப் பார்த்தேன். "சார், வாங்க சார், வேற ஒண்ணு காட்டறேன்" என்று கூப்பிட்டான்.

இது முறை தம்பி. எங்கள் பேட்டையிலும் இதுதான் முறை. விலை படியவில்லை என்றால் எழுந்து போகலாம். அது வாங்குகிறவன் உரிமை. ஆனால் நாலு கடை தாண்டுவதற்குள் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருப்பவன் "ஏனுங், சும்மா வாங்க, பேசிக்கலாம்" என்று ஒரு குரல் கொடுப்பான். திரும்பி வருவான். டீ வரும். திரும்பிப் பார்ப்பதும் குரல் கொடுப்பதும் டீயும் எல்லாம் சேர்ந்ததுதான் பேரம். எழுந்து போகிறவன் எவனும் போவதற்காக எழுந்திருப்பதில்லை.

அந்தக் கடைக்காரன் காட்டினது இன்னொரு கார்டு. "சார், இது பன்னெண்டு ஜிபி. போன சீரிஸ். எட்டைவிட ரேட்டும் கம்மி." பாருங்க, எட்டைவிடப் பன்னிரண்டு விலை குறைவு! நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "எத்தனை ஜிபி, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று. பன்னிரண்டு என்றான். அதுக்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? அவன் சொன்ன விலையிலிருந்தும் இறக்கினேன். கடைசியில் அவன், "சார், இதுக்குக் கீழே கட்டுபடி ஆகாது சார்" என்று கையைக் கூப்பினான். அந்த வார்த்தையை எதிராளி வாயிலிருந்து வாங்கிவிட்டால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். என் வாயிலிருந்து அதை வாங்கினவன் கிடையாது. சொன்ன விலையிலிருந்து நான் இறங்கினதே இல்லை, பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க.

ரயிலில் பெட்டியை மேலே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன், பையனுக்கு என்று.

நேரே கடைக்குத்தான் போனேன். அவனும் அங்கே இருந்தான், பாலக்காட்டுப் பார்ட்டி மூட்டை எடுக்க வந்திருந்தது, உதவிக்கு வந்திருந்தான். மூட்டைமேல் வைத்துப் பெட்டியைப் பிரித்தான். பார்த்தான். அப்புறம் மெதுவாக, "அப்பா, நான் கேட்டது இதில்லீங்கப்பா" என்றான்.

"இது அதைவிடப் பெரிசு சாமி."

"பெரிசு இல்லீங்கப்பா. மெமரிதான் ஜாஸ்தி. இது பழைய கார்டு. வேகம் பத்தாது."

"எட்டு பெரிசா, பன்னிரண்டு பெரிசா? அதைச் சொல்லு முதல்ல."

"குடோன் பெருசா இருந்து என்னங்கப்பா, தைக்கிற ஆளு பாதிதானே இருக்கறாங்க?"

பாருங்க, எனக்கே குடோன் கணக்குச் சொல்கிறான்! மெமரி என்பது குடோனாம், சரக்கு வைக்கிற இடமாம். தைக்கிற ஆள் என்பது வேறாம், கோரோ என்னவோ. குடோனுக்கும் ஆளுக்கும் நடுவில் ரோடு வேறு இருக்கிறதாம், அதன் அகலத்துக்கு ஒரு கணக்காம். கடையில் அத்தனை பேர் பார்க்க, "என்னைக் கேட்டுட்டு வாங்கியிருக்கலாமுங்களே, ஒரு போன்" என்கிறான். "உன்னைக் கேட்டுத்தான் நான் வியாபாரம் பண்ணோணுமா?" என்றேன். எல்லோரும் பார்க்கிறார்கள். பாலக்காட்டுக்காரருக்கு ஒரு மாதிரி சங்கடம். அவருக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதே என்று ஒரு தமாஷ் சொன்னேன். "ஏட்டா, நம்ம கடையில எல்லாமே செகண்ட்ஸ்தான். கார்டும் செகண்ட்ஸ், பெத்ததும் செகண்ட்ஸ்."

கடை பூராவும் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பு. சொல்லும் விதத்தில் சொன்னேன் இல்லையா.

இவன் மட்டும் சிரிக்கவில்லை. தமாஷுக்குக்கூட ஒரு படிப்பு வேண்டுமோ என்னவோ. அடுத்த வார்த்தை நான் சொல்வதற்குள் எழுந்துவிட்டான். அடுத்த வார்த்தை என்ன தெரியுமா? "ஆனா செகண்ட்ஸுலதான் லாபம் ஜாஸ்தி." அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேட்டுவிட்டுப் போயிருக்கலாமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்தை. நின்றிருந்தால் காதில் விழுந்திருக்கும்.

படியிறங்கினான். நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பாத்திரக்கடை தாண்டினான். ஜிப் கடை தாண்டினான். லேபிள் கடை தாண்டினான். திரும்பிப் பார்ப்பான் என்று பார்த்தேன். டீக்குக்கூடச் சொல்லிவிட்டேன். டீக்கடை முக்கில் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. வண்டி ஒன்று குறுக்கே வந்தது, அதற்காக நின்றிருப்பான். அப்புறம் ஆளைக் காணோம். இப்போது ஹைதராபாத்தில் ஏதோ படக் கம்பெனியில் இருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் அம்மாவிடம் பேசுகிறான். என்னிடம் பேசுவதில்லை. தெய்வானை நாமக்கல்லில் இருந்துகொண்டு எனக்கு நியாயம் சொல்கிறாள். "எந்திரிச்சுப் போறவனுக்குக் குரல் கொடுக்கறது உட்கார்ந்திருக்கிறவரு வேலைதானுங்களே?" என்கிறாள். முப்பது வருஷமாகப் பேட்டைப் பக்கமே வராதவள் எனக்குப் பேரம் சொல்லிக்கொடுக்கிறாள். தப்பு செய்தவன் கூப்பிடட்டும். நான் ஏன் கூப்பிட வேண்டும்?

என்ன, கார்டைப் பார்க்க வேண்டுமா? பார்க்கலாம், பார்க்கலாம். அவசரப்பட்டால் பேரம் கெட்டுவிடும்.

அவன் போனதும் நான் சும்மா இருக்கவில்லை. எட்டு பெரிசா பன்னிரண்டு பெரிசா என்பதை முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். யூடியூபில் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டுகிறான்கள் பாருங்க, ஓரத்தில் நம்பர் ஓடும், அதெல்லாம் பார்த்தேன். சாயங்காலம் கடை சாத்திவிட்டு வந்தால் எனக்கு அதுதான் டிவி. ஒருத்தன் எட்டுதான் வேகம் என்பான். இன்னொருத்தன் பன்னிரண்டு பின்னாளுக்கு உதவும் என்பான். எவனையும் நம்ப முடியாது. அதனால் அவன் கேட்ட அந்த எட்டையும் வாங்கிவிட்டேன். புத்தம் புதிது. சொன்ன விலைக்கே வாங்கினேன், பேரம் பேசவில்லை. இதை வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீங்க. பரிசோதனைக்காக வாங்கினேன். வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டிமேல் தூசி படாமல் துணி போட்டு வைத்திருப்பதும் விற்கிற பொருள் என்பதால்தான்.

மாட்டவும் கழற்றவும் நானே கற்றுக்கொண்டேன். கொக்கியை அமுக்க வேண்டும், திருகாணி, கரண்ட் ஒயர், அவ்வளவுதான். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, அவன் வைத்துவிட்டுப் போன அந்தப் பனியனையே ஓட்டிப் பார்த்தேன். முடிவு என்ன தெரியுமா? ஒன்றுதான். எட்டைப் போட்டாலும் ஓரத்தில் நாலு என்று காட்டுகிறது. பன்னிரண்டைப் போட்டாலும் நாலு. கண்ணுக்கு முன்னால் ஒரு நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பதாம் அந்த நம்பர். இரண்டிலும் பனியன் ஒரே மாதிரிதான் திக்கித் திக்கி ஆடுகிறது. மண்ணில் பிசைந்த மாதிரி ஒரு உருண்டை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? எட்டும் பன்னிரண்டும் ஒன்று. அவன் சும்மா ஒரு சாக்கு வைத்துக்கொண்டு எழுந்து போனான். அவ்வளவுதான். ஆறு ஏழு பேர் இதுவரைக்கும் வந்திருக்கிறார்கள், கார்டு வாங்க. ஈரோட்டிலிருந்து ஒருத்தர், பல்லடத்திலிருந்து ஒருத்தர். எல்லோருக்கும் டீ கொடுத்து, உட்கார வைத்து, இதை ஓட்டிக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் "ஆமாங்க, ஒண்ணாத்தான் இருக்குது" என்று ஒப்புக்கொண்டார்கள். மணியைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள், இருந்தாலும் ஒப்புக்கொண்டார்கள்.

விற்கவில்லையா என்றா கேட்கிறீங்க? படியவில்லை. அவிநாசிக்காரன் ஒருத்தன் நான் சொன்ன விலைக்கே சரி என்றான். ஒரு வார்த்தை பேசவில்லை, பணத்தை எடுத்துவிட்டான். அப்படிப்பட்டவனுக்கு எப்படி விற்பது? துரத்திவிட்டேன்.

வாங்க, ஓட்டிக் காட்டுகிறேன். இப்போது உள்ளே இருப்பது பன்னிரண்டு. பார்த்தீங்களா, கார்டில் இருக்கிற ஃபேன் சுத்தவே சுத்தாது. எத்தனை ஓட்டினாலும் சூடே ஆகாது. தொட்டுப் பாருங்க, அலமாரியில் வைத்த சொம்பு மாதிரி சில்லென்று இருக்கும். அலுங்காத கார்டு. இதோ பனியன். இதோ நம்பர். நாலு. நான் சொன்னேனா இல்லையா?

என்ன தம்பி, அங்கே பின்னாடி என்ன எட்டிப் பார்க்கிறீங்க? அது இந்தத் திரைக்கு வருகிற டிவி ஒயரு. ஆமாம், நான்தான் மாட்டினேன். ஓட்டை சரியாக உட்கார்ந்தது, மாட்டினேன். என்ன சிரிக்கிறீங்க?

மதர்போர்டு ஓட்டையா? அப்படியென்றால்?

இருங்க, இருங்க. மெதுவாகச் சொல்லுங்க. மெஷினுக்குச் சொந்தமாகவே கொஞ்சம் படம் காட்டுகிற சக்தி இருக்கிறது. ஒயரு அதில் மாட்டியிருக்கிறது. கார்டில் மாட்டவில்லை. சரி. அப்படியென்றால் இத்தனை நாளாகக் கார்டு?

சும்மா இருந்ததா?

என்ன பேச்சு தம்பி இது? இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். ஈரோட்டுக்காரர் கம்ப்யூட்டர் சென்டரே வைத்திருக்கிறார். எல்லோரும் குருடர்களா? பின்னாடி எட்டிப் பார்க்க ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா? சரி, மாற்றுங்க. மாற்றித்தான் பாருங்களேன். மாற்றி என்ன ஆகிவிடப் போகிறது?

அது என்ன சத்தம்? ஃபேனா? அது சுத்துமா? ...சுத்துகிறதே. வீட்டில் யாரோ வந்து நடமாடுகிற மாதிரி இருக்கிறது.

இருபத்தி நாலு! பாருங்க, பாருங்க, இருபத்தி நாலு! என் கார்டு, நான் பேரம் பேசி வாங்கின கார்டு! பனியன் ஆடுது பார்த்தீங்களா? பழசு என்றானே, வேகம் பத்தாது என்றானே! இதோ கண்ணுக்கு முன்னால்... என்ன? ஃபுல் குவாலிட்டியா? அவன் செய்ததை முழுசாகக் காட்டுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதா? அமுக்குங்க.

ம். திக்குது. நம்பர் இறங்குது. கொஞ்சம்தான் திக்குது.

சரி, எட்டையும் போடுங்க. நியாயம் என்றால் நியாயம். நானே கழற்றுகிறேன், நீங்க அந்தத் துணியை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கொடுங்க. மெதுவாக. ஓரத்தைப் பிடிங்க. இந்தத் தடவை ஒயரை நீங்களே மாட்டுங்க.

ம்.

திக்கவே இல்லையே. கொஞ்சம் தள்ளுங்க தம்பி. வெளிச்சம் மறைக்குது.

இது... இதைக் கையில் பிடிக்காமலே சொல்வேன், சிங்கிள் ஜெர்சி, ஒற்றைப் பின்னல் துணி. வெட்டின ஓரம் சுருளுது பாருங்க, கீழே. சிங்கிள் ஜெர்சிதான் அப்படிச் சுருளும். அது பேட்டையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். மூட்டை பிரிக்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்தை நீவிக்கொண்டே இருப்பான், சின்னதில். சும்மா உட்கார்ந்திருக்கிறான், சோம்பேறி என்று நினைத்தேன். காத்து வருகிறபோது முதலில் வயிறு புடைக்கிறது, அப்புறம்தான் கை ஆடுகிறது. ஈரம் காயாத பனியன். கனம் தெரிகிறது. எத்தனை ஜிஎஸ்எம் என்று... வேண்டாம்.

அந்தத் தோள்பட்டையைப் பெரிதாக்க முடியுமா? இடது தோள். இன்னும். போதும்.

தையல் கோணியிருக்கிறது.

பார்த்தீங்களா? ஓரம் அடிக்கிற ஓவர்லாக் தையல் விலகியிருக்கிறது, கழுத்துக்கு வருகிற இடத்தில். இது தவறிப்போய் வந்ததில்லை தம்பி. கம்ப்யூட்டரில் கோடு தானாக நேராகத்தானே போகும்? இதை உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாகக் கோணலாக்கியிருக்கிறான். இது நம்ம சரக்கு. நம்ம கடை செகண்ட்ஸ். உலகத்தில் எவ்வளவோ நல்ல சட்டை இருக்கிறது, பட்டு இருக்கிறது, கோட்டு இருக்கிறது. இதைப் போய்த் தேர்ந்தெடுத்து, கோணலை மறைக்காமல், வெயிலில் காயப்போட்டிருக்கிறான்.

நான் கார்டு வாங்க சென்னைக்குப் போவதற்கு முன்னாலேயே செய்து வைத்தது இது. தேதி காட்டுகிறது பாருங்க. அப்போது நான் அந்தத் தமாஷையே சொல்லியிருக்கவில்லை.

தொட்டால் கண்ணாடிதான்.

யார் உங்களை அந்த ஒயரைத் தொடச் சொன்னது? யார் சொன்னது என்று கேட்கிறேன்! கார்டு வாங்க வந்தீங்களா, வீட்டை ரிப்பேர் பண்ண வந்தீங்களா? நகருங்க. நகருங்க அக்கட்டால. நான் பழையபடியே மாட்டிவிடுகிறேன். இதோ. எங்கே இருந்ததோ அங்கேயே. மதர்போர்டோ என்னவோ, அந்த ஓட்டையிலேயே. ஃபேன் நின்றுவிட்டது. சரி. நிற்கட்டும்.

இல்லை தம்பி, விற்பதாக இல்லை. எட்டும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. கோபப்படாதீங்க. உடுமலைக்கு பஸ் நிறைய இருக்கிறது. டீ போடுகிறேன், குடித்துவிட்டுப் போகலாம். அதற்கு முன்னால் உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்க. என் நம்பரைப் பார்த்தால் எடுக்கிறானோ இல்லையோ. கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் நான் கத்திவிடுவேன். பேசி அனுப்புகிறது ஒன்று இருக்கிறதே, தெய்வானைகூடப் பேரன் அழுகிறதை அனுப்புவாள், அதுதான். நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்கிறேன், போடுங்க. எதை அமுக்கிப் பிடிக்க வேண்டும்? இதையா? அமுக்கிக்கொண்டே பேச வேண்டுமா? சரி. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க.

ஏண்டா. நான்தான். உங்கப்பன். இது உடுமலைத் தம்பி ஒருத்தர் போன். நீ செஞ்சது அயோக்கியத்தனம், அதை முதல்ல சொல்லிடறேன். பேரத்துல பாதியில எந்திரிச்சுப் போறவன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கோணும். டீக்கடை முக்குல நின்னியே, அது வண்டிக்கா நின்னே? சரி, அதை விடு. உன்ற பனியனைப் பார்த்தேன். தோள்ல தையல் கோணியிருக்குது. சரியாத்தான் கோணியிருக்குது. நீ கேட்ட எட்டு ஜிபி வாங்கி மெஷின்ல மாட்டியாச்சு. ஆனா டிவி ஒயரு தப்பு ஓட்டைல கிடக்குது. அதை நான் தொட மாட்டேன். வேற எவனையும் தொட விடவும் மாட்டேன். நீ வந்துதான் மாத்தோணும். ஒரு மாசம் லீவு போட்டுட்டு வா. ஒரு மாசம் தர மாட்டாங்களா? சரி, ஒரு வாரம். அதுவும் ஆகாதா? ரெண்டு நாள். ரெண்டு நாளும் ஆகாதுன்னா காலைல வந்துட்டுச் சாயங்காலம் போ. உங்கம்மாளை நான் வரச் சொல்றேன், அவ கையால சாப்பிட்டுட்டுப் போ. சரி, சாப்பிடக்கூட வேண்டாம். எங்கூடப் பேசவும் வேண்டாம். வா, ஒயரை மாட்டு, ஃபேன் சுத்துதான்னு பாரு, போ. இதுக்குக் கீழே எனக்குக் கட்டுபடி ஆகாதுடா சாமி. வந்து சரி பண்ணு.